அரமும் அளவும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். தமிழாசிரியன் எழுதுவது சங்க நூலைப் பற்றியதாகவோ சமய நூலைப் பற்றியதாகவோ இருக்கும் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எழுதப் புகுந்ததோ அரத்தையும் வாளையும் துளைபொறியையும் பற்றி. பொரளையில் எமது சிறுவீட்டின் பின்புறத்தே, தகரக் கூரையின் கீழ், எட்டடி நீளமும் ஆறடி அகலமுமான பட்டறை ஒன்று உண்டு. வகுப்பறையில் யாம் ஆசிரியர். அவ்விடத்தில் இன்றும் மாணாக்கரே. அங்கே கற்ற பாடங்களுள் ஒன்று மிகுந்த விலை கொடுத்துக் கற்றதாகலின், அதனைப் பழைய மாணவ நண்பர்க்கும் இளைய மாணாக்கர்க்கும் உரைத்தல் கடனெனக் கருதினோம்.

பட்டறையின் நடுவே நிற்பது எந்தையார் விட்டுச்சென்ற பி.எஸ்.ஏ. பான்டம் மோட்டார் சைக்கிள். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் வெளிவந்த இவ்வகை வண்டியின் குலம் சுவையானது. ஜேர்மனியரின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்னும் வண்டியின் அமைப்பு, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வென்றோர் கைக்குச் சென்றது. இங்கிலாந்தில் அது பான்டமாயிற்று. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தாரும், சோவியத் நாட்டினரும் அதனையே தழுவினர். 1955இல் யமஹா நிறுவனத்தார் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதன் வழித்தோன்றலே. எந்திரத்தின் கொள்ளளவு 123 கன சென்ரிமீற்றர். உருளையின் விட்டம் 52 மில்லிமீற்றர், ஆடுதண்டின் வீச்சு 58 மில்லிமீற்றர். ஈரடிப்பு எந்திரமாகலின் வால்வுகள் இல்லை. தொடக்க மாணாக்கனுக்கு ஏற்ற பாலபாடம் எனலாம்.

எந்தையார் அதனை 1970களிற் பழையதாகவே வாங்கினார். 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் பொரளையில் மூண்ட தீ எமது வீட்டையும் விடவில்லை. நூல்களும் நிழற்படங்களும் சாம்பராயின. இவ்வண்டி மட்டும் எஞ்சியது. எங்ஙனமெனில், அவ்வாரம் அது பழுதுபார்ப்பதற்காக மருதானைப் பக்கத்தில் ஒரு சிங்களத் தொழிலாளரின் பட்டறையில் நின்றது. அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் அதன்மீது சாக்குகளை இட்டு மூடி, இரண்டு திங்கள் காத்து, எந்தையாரைத் தேடிவந்து ஒப்படைத்தார். அவ்விளைஞரே இன்று தலை நரைத்த கடைசற் பட்டறைக்காரர். கொழும்பு வழக்கப்படி யாம் அவரைப் ‘பாஸ்’ என்போம். அவர் எம்மை ‘மாஸ்டர்’ என்பார்.

2020ஆம் ஆண்டு நோய்ப்பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சில் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. அத்தடை 2025இலேதான் பெருமளவு நீங்கிற்று. உதிரிப் பாகங்களின் விலை ஏறியது. எந்தையாரின் வண்டியோ ஓடாமற் கிடந்தது. வேண்டியவற்றை யாமே செய்தால் என்ன என்னும் எண்ணம் அப்போதுதான் முளைத்தது.

அவ்வெண்ணத்துக்கு உரமிட்டது கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களின் வரலாறு. 1893ஆம் ஆண்டு கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, அதனை வாங்கும் பொருட்டு உணவுவிடுதியிற் பணிசெய்து பணம் சேர்த்தார். வாங்கியதும் செய்த முதற்காரியம், அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீளப் பூட்டியதே. அந்த றட்ஜ் வண்டியே அவர்தம் பொறியியற் கல்லூரி. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். 1937இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை ஆக்கினார். இவற்றைப் படித்த யாம், கழற்றுதலும் பூட்டுதலும் மன உறுதி ஒன்றினாலேயே கைகூடும் என எண்ணிவிட்டோம்.

முதலில் வாங்கியது வைஸ் எனப்படும் பிடிபொறி. அதுவே பட்டறையின் மூன்றாவது கை. அதன் வாயின் மேல்விளிம்பு நிற்பவன் முழங்கை உயரத்தில் இருத்தல் வேண்டும். தாழ்ந்தால் முதுகு நோகும், உயர்ந்தால் தோள் நோகும். அடுத்தது அரம். அரம் முன்னே தள்ளும்போதுதான் அராவும். பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்குவதன்றிப் பயனில்லை. அலுமினியத்தை அராவுங்கால் பற்களிற் துகள் அடையாதிருக்கச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தல் நன்று. கரும்பலகைச் சுண்ணத்துக்கு இவ்வாறு ஒரு மறுபிறப்பு உண்டென்பதை அறிந்து யாம் மகிழ்ந்தோம். பிடியில்லாத அரத்தைத் தொடலாகாது. அதன் வாற்கூர் உள்ளங்கையைத் துளைக்கும்.

இரும்பறுக்கும் வாளின் பற்கள் முன்னோக்கி இருத்தல் வேண்டும். அறுபடும் பொருளில் எப்போதும் மூன்று பற்களாயினும் பதிந்திருத்தல் விதி. ஆதலின் தடித்த இரும்புக்கு அங்குலத்துக்கு 18 பல், மெல்லிய தகட்டுக்கு 32 பல் என அலகை மாற்றுவர். துளைபொறிக்கு முன்னே கூருளியாற் புள்ளியிடல் வேண்டும். இன்றேல் துளையூசி வழுக்கி அலையும். சிறு துளை இட்டபின் பெருந்துளை. பொருளைக் கையாற் பிடித்துத் துளையிடுவோன் விரலைப் பணயம் வைக்கிறான். துளைபொறியின் அருகே சாரம் உடுத்தலும் கையுறை அணிதலும் தகா. சுழல்வது துணியைப் பற்றினால் ஆளையும் பற்றும். சாணைச் சக்கரத்தின் முன் கண்காப்பு இன்றி நிற்றல் கூடாது. அதிலே அலுமினியத்தைத் தீட்டுதலும் கூடாது. மென்மையான அவ்வுலோகம் கல்லின் துளைகளில் அடைந்து, கல் சூடேறி வெடித்தற்கும் இடமுண்டு.

இவையெல்லாம் ஓராண்டுக்குள் எமக்குக் கைவந்தன. வராதது ஒன்றே. அதுதான் அளத்தல். வேர்னியர் இடுக்கிமானி ஒன்று வாங்கி வைத்திருந்தோம். அது பெட்டியிலேயே உறங்கியது. கண்ணே போதும் என்னும் செருக்கு எம்மிடம் இருந்தது.

போல்ட் எனப்படும் மரையாணியின் உடலிற் சுற்றிச்செல்லும் புரியை மரை என்பர். பார்வைக்கு எல்லா மரையும் ஒன்றே. உண்மை அதுவன்று. 1841ஆம் ஆண்டு ஜோசப் விட்வர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் மரைகளுக்கு ஒரு பொது அளவு வகுத்தார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தன்தன் விருப்பப்படி மரை வெட்டிற்று. ஓரிடத்து ஆணி மற்றோரிடத்துச் சுரைக்குள் நுழையாது. விட்வர்த் மரையின் கோணம் 55 பாகை. இன்று உலகெங்கும் வழங்கும் மீற்றர் மரையின் கோணம் 60 பாகை. பழைய ஆங்கில வண்டியில் அங்குல மரை. பஞ்சிகாவத்தைக் கடைகளில் இன்று எளிதிற் கிடைப்பது மீற்றர் மரை. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர்; 8 மில்லிமீற்றர் ஆணிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆயின் பிரித்தானிய நுண்மரை அங்குலத்துக்கு 22 சுற்று. மீற்றர் மரையில் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீற்றர், அஃதாவது அங்குலத்துக்கு இருபதுக்குச் சற்று மேல். முதல் இரு சுற்று இசைந்து நுழையும். பின்னர் ஒன்றையொன்று தின்னும்.

2021ஆம் ஆண்டு, பிரேக் மிதியைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணி தேய்ந்துபோனதைக் கண்டு, கைவசமிருந்த 8 மில்லிமீற்றர் ஆணியை அவ்விடத்தே திருகினோம். இரு சுற்று இலகுவாக ஏறிற்று, பின் இறுகிற்று. துருவென எண்ணினோம். ஸ்பானருக்கு இரும்புக்குழாய் மாட்டி நீட்டி, முழுப்பலத்தோடு முறுக்கினோம். ஆணி முடிவுவரை சென்றது. நெற்றி வியர்வையைத் துடைத்து, நல்ல வேலை செய்தோம் எனப் பெருமிதங் கொண்டோம்.

மூன்றாம் நாள் எம் தம்பி வெள்ளவத்தையிலிருந்து வந்தான். கட்டட வரைஞனாகிய அவனுக்கு வலக்கையே தொழில். அவசர அலுவலென வண்டியை எடுத்துச் சென்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. பேஸ்லைன் வீதியில் முன்னே சென்ற பேருந்து சட்டென நின்றபோது அவன் பிரேக் மிதியை அழுத்தினான். மிதி ஆணியோடு கழன்று வீதியில் விழுந்தது. முன் பிரேக் ஒன்றையே பிடித்தான். ஈரத்திற் சக்கரம் வழுக்கிற்று. வலப்புறக் காறை எலும்பு முறிந்தது.

மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி அவன் சொன்னது, “ரோட்டிலை எண்ணெய் கிடந்திருக்கும், அண்ணை” என்பதே. அன்னையார் பழைய வண்டியைப் பழித்தார். அயலார் பேருந்துச் சாரதியைப் பழித்தனர். உண்மையை அறிந்தவர் யாம் ஒருவரே. வீதியோரத்திற் பொறுக்கிய அவ்வாணி எம் சட்டைப்பையில் இருந்தது. பதினொரு நாள் வாய் திறந்திலோம். வகுப்பறையில் வாய்மை என்னும் அதிகாரத்தை நடத்திய நாளும் அப்பதினொன்றுள் அடங்கும்.

பன்னிரண்டாம் நாள் ஆணியைப் பாஸிடம் கொண்டுசென்றோம். அவர் கடைசற் பொறியை நிறுத்தி, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றி, ஆணியை வெளிச்சத்திற் பிடித்தார். மரையின் இடையெங்கும் சட்டத்து உலோகம் வெள்ளி நூல்போற் சுருண்டு கிடந்தது. தம் கலப்புத் தமிழில் ஒன்று சொன்னார்: “மாஸ்டர், இது ஏறினது. சேரயில்லை.”

வெண்பாவிலே தளை தட்டினால் ஓசை கெடும், புலவன் நாணுவான், அவ்வளவே. மரை தட்டினால் உயிர் போகும். சீர்களை எண்ணி, அசைகளை அலகிட்டு, மாணாக்கர் எழுதும் அடியில் ஒரு மாத்திரை மிகினும் சிவப்பு மையாற் கோடிட்ட யாம், ஓர் ஆணியை அலகிட்டுப் பார்த்திலோம். வலிந்து சேர்த்தது சேர்க்கையன்று என்பதைத் தமிழில் அறிந்திருந்தோம், இரும்பில் அறிந்திலோம்.

அன்று மாலையே வெள்ளவத்தைக்குச் சென்று தம்பியிடம் உள்ளதை உள்ளபடி கூறினோம். அவன் சினந்திலன். ஆணியை இடக்கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அளந்து பாத்தனீங்களோ, அண்ணை?” என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டான். “இல்லை” என்றோம். அவன் மறுமொழி கூறாமல் ஆணியை எம் கையில் வைத்தான். சினந்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

அவன் எலும்பு பொருந்த ஆறு கிழமை சென்றது. அக்காலத்து வருவாயும் போயிற்று. கட்டவிழ்த்தபின் அவன் வரைந்த முதல் வரைபடம் வீட்டுப்படமன்று. அங்குல மரை, மீற்றர் மரை, ஒவ்வொன்றின் விட்டம், சுற்று, துளையூசி அளவு ஆகியவற்றைப் பெரிய தாளில் வரைந்து, எம் பட்டறைச் சுவரில் அவனே ஒட்டினான். 8 மில்லிமீற்றர் மரைக்கு 6.8 மில்லிமீற்றர் துளை என அதில் உள்ளது. அத்தாளைப் பாராமல் யாம் இன்று எதனையும் பூட்டுவதில்லை.

அதன்பின் பாஸிடம் சனிக்கிழமைகளில் முறையாகப் பழகினோம். உள்மரை வெட்டும் டாப் மூன்று கொண்ட தொகுதி. சரிவான நுனியுடையது முதலிற் செல்லும், முடிக்கும் டாப் இறுதியிற் செல்லும். அரைச்சுற்று முன்னே திருப்பிக் காற்சுற்றுப் பின்னே திருப்பல் வேண்டும். அப்போதுதான் சீவல் உடையும், டாப் முறியாது. கெட்டுப்போன சட்டத்துத் துளையைப் பாஸ் பெரிதாக்கி, கடைசற் பொறியிலே புதுக்கூடு கடைந்து, அதற்குள் 5/16 அங்குல மரையை மீள வெட்டித் தந்தார். மைக்குரோமீட்டரால் அவர் ஒவ்வொரு முறையும் அளந்தது ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்குவரை. நாற்பது ஆண்டுக்குமேற் பழகிய அக்கை ஒருபோதும் தன் கண்ணை மட்டும் நம்பியதை யாம் கண்டிலோம்.

எமக்கென ஒரு வரம்பும் வகுத்துக்கொண்டோம். மட்காப்புத் தாங்கி, விளக்குப் பிடி, கருவிகள் ஆகியவற்றை யாமே செய்வோம். பிரேக், சக்கரம், திசைதிருப்பி ஆகியவற்றைச் சார்ந்த எதுவும் பாஸின் கண்பட்ட பின்னரே வீதிக்குச் செல்லும்.

நியூசிலாந்தின் இன்வகார்கில் நகரில் பேர்ட் மன்றோ என்னும் முதியவர் வாழ்ந்தார். 1920ஆம் ஆண்டின் ‘இந்தியன்’ மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பல பத்தாண்டுகளாகத் தம் கொட்டிலிலே திருத்தித் திருத்தி, ஆடுதண்டுகளைத் தாமே வார்த்து, 1967இல் அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அவர் கொட்டிலில் ஒரு தட்டு இருந்தது. உடைந்த பாகங்களையெல்லாம் அதிலே வரிசையாக அடுக்கி, வேகத் தெய்வத்துக்குக் காணிக்கை என எழுதிவைத்தார். ஒளவையாரும் புறநானூற்றிலே, பூச்சூடிக் காவலுள் இருக்கும் பளபளத்த படைக்கலங்களினும், போரில் நுனி சிதைந்து கொல்லனது சிறுகொட்டிலிற் கிடக்கும் வேல்களே பயன்பட்டவை என்னும் கருத்துப்படப் பாடினார். சிதைந்தவற்றை மறையாது வைத்தல் பட்டறைக்குரிய பண்புபோலும்.

எம் பட்டறையிலும் இப்போது ஒரு தட்டு உண்டு. முறிந்த டாப் இரண்டும், தளர்ந்த வாளலகு ஒன்றும், அந்த 8 மில்லிமீற்றர் ஆணியும் அதில் உள்ளன. ஞாயிறுதோறும் எம் மாணாக்கர் சிலர் வந்து பழகுகின்றனர். புதிதாக வருவோன் கையில் அரத்தைக் கொடுக்குமுன் அவ்வாணியையும் வேர்னியரையும் கொடுத்து, அளந்து சொல்லுமாறு பணிப்போம். அதன் கதையையும் மறையாது உரைப்போம். தம்பி சிலவேளை அங்கிருப்பான். புன்முறுவலோடு தோளைத் தடவிக்கொள்வான். பான்டம் இன்றும் ஓடுகின்றது. அவனும் அதனை ஓட்டுகின்றான்.

பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்கு நூல்களையும் கேடயங்களையும் வழங்கும் உங்கள் கைகள், ஒரு வைஸும் பத்து அரங்களும் நல்ல அளவுகருவி சிலவும் வழங்குமாயின், அவற்றைக் காக்கும் பொறுப்பை இத்தமிழாசிரியன் மகிழ்வோடு ஏற்பான். எம் கல்லூரி நீடு வாழ்க.