வேலை கொடுத்தால் வருவார்கள்

எமது கிராமங்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை. மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், கோயில் சபை என்று எத்தனையோ உண்டு. தொடங்கும் நாளில் மண்டபம் நிறைந்திருக்கும். ஆறு மாதம் கழித்துப் போனால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் மட்டும் இருப்பார்கள்.

மன்னார்க் கரையோரப் பங்கு ஒன்றில் இயங்கும் புனித வின்சென்ட் டி போல் சபையுடன் சில வருடங்களாகச் சேர்ந்து வேலை செய்து வருகிறேன். அங்கு கண்டவற்றைச் சகோதரிகளாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நீங்கள் எந்தச் சமயத்தவராயினும் இவை உங்கள் சங்கத்துக்கும் பொருந்தும்.

இச்சபை 1833 இல் பரிஸ் நகரில் ஆரம்பமானது. பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் அதுவரை கூடி விவாதம் செய்து வந்தவர்கள். உங்கள் சமயம் இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி எழுந்தபோது, பேச்சை விட்டு ஏழைகளின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினர். அதற்கு வழிகாட்டியவர் றோசலி றெண்டு என்ற அருட்சகோதரி. ஆயினும் 1960களில்தான் பெண்கள் இச்சபையில் சேர்க்கப்பட்டனர். எமது கிளையில் இன்று பெண்களே அதிகம்.

இங்கும் ஒரு காலத்தில் கூட்டத்துக்கு வருவோர் தொகை குறைந்துகொண்டே போனது. பக்தி குறைந்துவிட்டது என்றார்கள் சிலர். நான் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா சொன்னார்: "வந்து இருந்து எழும்பிப் போறதுக்கு ஏன் பிள்ளை வாறது? நான் வராட்டில் ஆருக்கென்ன குறை?"

அந்தக் கேள்வியிலேயே விடையும் இருந்தது. தான் வராவிட்டால் ஒருவருக்குக் குறை ஏற்படும் என்று தெரிந்தவர் வருவார். ஆகவே ஒவ்வொருவருக்கும் அவரவரால் செய்யக்கூடிய ஒரு சிறு பொறுப்பைக் கொடுத்தோம். தையல் தெரிந்தவர் பாடசாலைச் சீருடைகளைத் திருத்தினார். எழுத வாசிக்க வல்ல ஒரு பிள்ளை 2023 இல் அஸ்வெசும விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தாள். கருவாட்டு அக்கா கிளினிக் நாளில் இரு முதியவர்களைக் கூட்டிச் செல்கிறார். வீடு சந்திக்க இருவர் இருவராகப் போவதும், அடுத்த கூட்டத்தில் அதைப்பற்றிச் சொல்வதும் சபையின் பழைய வழக்கம். சொல்ல ஒரு விடயம் இருப்பதால் கூட்டத்துக்கும் வருகிறார்கள்.

கடினமானது வேறொன்று. நிவாரணப் பட்டியலில் உள்ள பெண்கள் கூட்டத்தின் பக்கமே வருவதில்லை. பெறுவதற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925 இல் எழுதியதைப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தேன். திருப்பிக் கொடுக்க வழியில்லாதபோது வாங்கியவர் தாழ்ந்து போகிறார். அதனை நேரில் கண்டது இங்குதான்.

2009 இல் கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு சகோதரி மாதாந்தம் உலருணவு பெறுபவர். தனித்திருக்கும் ஓர் ஆச்சியைப் பார்க்கப் போகும்படி கேட்டோம். "வாங்கிறவள் என்னண்டு குடுக்கப் போறது?" என்று தயங்கினார். கையில் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம், போய் இருந்தால் போதும் என்றோம். இன்று அவர் பெயர் இரண்டு பட்டியலிலும் உண்டு. உலருணவு வாங்க முன்பு மகனை அனுப்பியவர், இப்போது தானே வருகிறார். கூட்ட முடிவில் சுற்றிவரும் இரகசியக் காணிக்கைப் பையினுள் அவரும் கைவிடுகிறார். அதில் யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது.

சில விடயங்களில் கவனம் தேவை. கூலிக்குப் போகும் நாளைத் தொண்டுக்காகப் பறிக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பெண்ணின் தலையில் கட்டக் கூடாது. துயரத்தில் இருப்பவரை வாராவாரம் பிறர் துயரம் கேட்க அனுப்பக் கூடாது. ஒரு வீட்டில் கேட்டதைக் கிணற்றடிக்குக் கொண்டுவரவும் கூடாது.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் வராதவர்களின் பெயரை வாசிக்குமுன், அவர்களுக்கு என்ன பொறுப்புக் கொடுத்திருந்தோம் என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால், ஒரு சிறு வேலையுடன் அவர்கள் வீட்டுப் படலையைத் தட்டுங்கள்.