தேடுதலும் ஒரு கணக்கே

என் ஆசிரியர் தம் கையால் உரைக்குறிப்பு எழுதி எனக்கு அளித்த நன்னூற் படி ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் காணாமற் போயிற்று. அந்தி வேளையில் அலமாரியில் விரைந்து தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் மரப்பெட்டியில் இருந்த நூல்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தேன், அங்கும் இல்லை. உடனே, என் இல்லம் வந்து பாடங்கேட்கும் மாணவன் ஒருவன்மீது ஐயங்கொண்டேன். அவனிடம் நான் ஒன்றும் வினவவில்லை. ஆயினும், என் முகம் மாறியதைக் கண்ட அவன் வருவதை நிறுத்திக்கொண்டான்.

இதனைக் கேட்ட என் நண்பராகிய கணித ஆசிரியர், “புலவரே, தேடிக் காணாமை வேறு, இல்லாமை வேறு” என்று கூறி, ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்.

2009ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் நகர் நோக்கிச் சென்ற ஆகாய விமானம் ஒன்று அட்லாண்டிக் பெருங்கடலில் வீழ்ந்தது. 228 பேர் மாண்டனர். விமானத்தின் பதிவுக் கருவிகளோடு, நீரினுள் ஒலியெழுப்பும் கருவிகளும் இணைந்திருந்தன. கப்பல்கள் அவ்வொலியை நாடிச் சென்றன; ஒலி கேட்கவில்லை. ஆகவே, அவை சென்ற பகுதியை விடுத்துப் பிற பகுதிகளில் தேடினர், பயனில்லை. பின்னர்க் கணித அறிஞர்கள், ‘ஒலிக்கருவிகளே பழுதுற்றிருத்தல் கூடுமன்றோ?’ எனக் கருதி, நிகழ்தகவுக் கணக்கை மீண்டும் இட்டனர். விடுத்த பகுதியே முதன்மை பெற்றது. அங்குத் தேடத் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், 2011 ஏப்ரல் தொடக்கத்தில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் சிதைவுகள் காணப்பட்டன.

இம்முறைக்கு வித்திட்டவர், 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்னும் பாதிரியார். கடலில் காணாமற்போன படகுகளைத் தேடுவதற்கும் இது உதவுகிறது.

நண்பர் என் நூலுக்கும் கணக்கிட்டார். “பத்துப் பங்கு வாய்ப்பில் அலமாரிக்கு 6, பெட்டிக்கு 3, பிறர் எடுத்தமைக்கு 1 எனக் கொள்வோம். பெட்டியை முற்றும் பார்த்தமையால் அந்த 3 நீங்கிற்று. அரையிருளில் பார்த்த அலமாரியில் நூல் இருந்தாலும், கண்ணிற் படுவதற்குப் பாதி வாய்ப்பே உண்டு. ஆகவே அதன் 6இல் 3 இன்னும் எஞ்சும். மூன்றை விட்டு ஒன்றைப் பற்றினீரே!” என்றார்.

மறுநாட் காலை அலமாரியை முழுதும் ஒழித்துப் பார்த்தேன். தடித்த அகராதி ஒன்றன் பின்னே நூல் சாய்ந்து கிடந்தது. மாணவன் இல்லஞ்சென்று, நிகழ்ந்ததைக் கூறி என் பிழைக்கு வருந்தினேன். “நூல் கிடைத்ததே, ஐயா, அது போதும்” என்றான் அவன். அச்சொல் என்னை மேலும் நாணச் செய்தது.

மாணவர்களே, ஒரு பொருள் காணாதபோது, பிறரை ஐயுறுமுன், ‘நான் எவ்வளவு நன்றாகத் தேடினேன்?’ என்று உங்களையே வினவிக்கொள்ளுங்கள்.