கரண்ட் வந்த பிறகு

மின்சாரம் போவதைப் பற்றிப் புலம்பாத வீடு நம் நாட்டில் கிடையாது. போனவுடன் ஓர் "ஐயையோ!", மெழுகுவர்த்தியைத் தேடும்போது இரண்டு வசவு, வியர்வையைத் துடைத்துக் கொள்ளும்போது நாலு. திரும்ப வந்ததும் குழந்தைகள் "ஹோ" என்று கூச்சலிடுகின்றன. அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் பாதித் தொல்லை அப்போதுதான் ஆரம்பமாகிறது. விழுவது ஒரு கணத்து வேலை. எழுந்திருப்பதற்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

2012-ஆம் வருஷம் ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாட்களில் வட இந்தியாவின் மின் தொகுப்பு அடுத்தடுத்துச் சரிந்து விழுந்தது. இரண்டாம் நாள் இருட்டில் மூழ்கிய பிரதேசங்களில் வசித்தவர்கள் சுமார் 60 கோடிப் பேர். தென்னிந்தியத் தொகுப்பு அப்போது தனிக்குடித்தனம் நடத்தி வந்ததால் நாம் தப்பினோம். (2013 டிசம்பர் 31-ல்தான் அது மற்றவற்றோடு சேர்ந்தது.) அன்று மின் நிலையங்களை மறுபடி எழுப்பியது ஒரு பெரிய காரியம். அனல் மின் நிலையத்தில் பம்புகளும் விசிறிகளும் சுழன்றால்தான் மின்சாரம் பிறக்கும். அவை சுழலுவதற்கே மின்சாரம் வேண்டும்! ஆகையால் இப்படிப்பட்ட சமயங்களில், சிறிய டீசல் இயந்திரத்தின் துணையோடு தானே எழுந்து நிற்கக்கூடிய நீர்மின் நிலையம் போன்ற ஒன்றை முதலில் எழுப்பி, அது மற்றொன்றைக் கைதூக்கி விட, அது இன்னொன்றை என்று படிப்படியாகப் போக வேண்டியிருக்கிறது. எல்லா ஊருக்கும் ஒரேயடியாக விளக்கேற்ற ஆசைப்பட்டால் பாரம் தாங்காமல் மறுபடியும் விழுந்து வைக்கும்.

இனி வீட்டுக்குள் வருவோம். கரண்ட் வந்ததும் மின்விசிறி விட்ட இடத்திலிருந்து சுற்ற ஆரம்பிக்கிறது. குழல் விளக்கு இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிகிறது. குளிர்சாதனப் பெட்டி ஓர் உறுமல் உறுமிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி, யாராவது வந்து கூப்பிட்டால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறது.

ஆரம்ப காலத்துக் கம்ப்யூட்டர்களுக்கு இந்த முறுக்கு கிடையாது. அவற்றில் இருந்தது நிஜமான சுவிட்சு. போட்டால் போட்டபடியே கிடக்கும். கரண்ட் வந்தால் இயந்திரமும் ஓடும். 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்று ஒரு புது அமைப்பைக் கொண்டுவந்தது. அதன்பின் முகப்பில் இருக்கும் பொத்தான் சுவிட்சு அல்ல, வெறும் அழைப்பு மணி. உள்ளே 5 வோல்ட் மின்சாரம் மட்டும் காவல்காரனைப் போல விழித்திருக்கும். நாம் மணியடித்தால் அவன் போய் வீட்டாரை எழுப்புவான். ஊரில் கரண்ட் போனால் அந்தக் காவல்காரனும் மூர்ச்சையாகி விடுகிறான். மறுபடி கண்விழிக்கும்போது, "இப்போது நான் என்ன செய்யவேண்டும்?" என்ற கேள்விதான் அவன் முன் நிற்கிறது.

அதற்கு விடை இயந்திரத்துக்குள்ளேயே ஓர் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் தறுவாயில் 'டெலீட்' அல்லது 'எஃப்2' விசையைத் தட்டினால் பெரும்பாலும் அந்தப் பக்கம் திறக்கும். அதில் மின்தடைக்குப் பின் என்ன செய்வது என்று ஒரு வரி. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், விடைகள் மூன்றுதான். ஒன்று: படுத்தே கிட. இரண்டு: எழுந்திரு. மூன்று: கரண்ட் போனபோது எப்படி இருந்தாயோ, அப்படியே இரு. பல இயந்திரங்கள் முதல் விடையோடுதான் கடைக்கு வருகின்றன.

இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை எனக்கு விளங்க வைத்தவள் என் அத்தை. காவேரிக் கரையில் ஒரு கிராமம். வயது எழுபத்தொன்பது. அத்திம்பேர் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். ஒரே பிள்ளை கடல் கடந்து உத்தியோகம் பார்க்கிறான். கூடத்து மேஜையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதன் காமிராவை ஊஞ்சலைப் பார்க்கத் திருப்பி விட்டுப் போயிருக்கிறான். தாயார் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக் கொள்வதை அங்கிருந்தபடியே பார்ப்பான். ஊரில் கரண்ட் போனால் அவனுக்கு உலகமே இருண்டுவிடும். உடனே டெலிபோன்: "அம்மா, கரண்ட் வந்ததும் மேஜைக்கடியில் குனிந்து அந்தப் பொத்தானை அழுத்து." முழங்கால் வலிக்காரி குனிவாள். ஒருநாள் குனிந்தவள் நிலை தடுமாறி, மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். தாயார் விழாமல் இருக்கிறாளா என்று பார்ப்பதற்காக வைத்த யந்திரம் தாயாரையே தள்ளிவிடப் பார்த்தது!

பிள்ளை பதறிப்போய் எனக்குச் சொல்லி அனுப்பினான். கும்பகோணத்துக் கடையிலிருந்து ஒரு பையனை அழைத்துக்கொண்டு போனேன். கெட்டிக்காரன். இரண்டே நிமிஷத்தில் 'எழுந்திரு' என்று மாற்றினான். யந்திரம் எழுந்தால் மட்டும் போதாது, காமிராவும் தானே வேலையைத் தொடங்க வேண்டும் என்று அதற்கும் வழி செய்தான். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணிவிட்டு மறுபடி செருகினான். யாரும் தொடாமலே பெட்டி முனகிக்கொண்டு எழுந்தது.

அத்தை ஊஞ்சலில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"ஏன் தம்பி, ராத்திரி படுக்கப் போகிறபோது நான் இதை அணைத்துவிடுகிறேன். நடுநிசியில் கரண்ட் போய் வந்தால்?"

"தானா எழுந்துடும், பாட்டி."

"எழுந்து?"

"உங்க பிள்ளை உங்களைப் பார்த்துக்கலாம்."

அத்தை ஊஞ்சலை நிறுத்தினாள். "கரண்ட் அணைத்தால் எழுந்திருக்கட்டும். நான் அணைத்தால் அணைந்தே இருக்கணும். இரண்டும் ஒன்றாகுமா?"

பையன் என்னைப் பார்த்தான். மூன்றாவது விடையை அந்தப் பக்கத்தின் நிழலைக்கூடப் பார்க்காத ஒரு கிழவி சொல்லிவிட்டாள்!

பிள்ளைக்கு டெலிபோனில் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "ராத்திரியில் விழுந்துவிட்டால்?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அத்தை டெலிபோனை வாங்கிக்கொண்டாள். "பகலெல்லாம் பார், ஆசைதீரப் பார். தூங்குகிறவளைப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? விடிந்ததும் நானே இதைத் திறக்கிறேன். ஆறரை மணிக்குள் நான் திறக்கவில்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போன் பண்ணு" என்றாள். அவன் பயமும் நியாயம். அவள் மானமும் நியாயம். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க ஒரு வரி அமைப்பும் ஓர் ஆறரை மணியும் தேவைப்பட்டன. பையன் மூன்றாவது விடைக்கு மாற்றினான். பொத்தானை அழுத்தக் குனிய வேண்டாமென்று பெட்டியையும் மேஜைமேல் தூக்கி வைத்தான்.

பிள்ளை விடவில்லை. மின்கலப் பெட்டி ஒன்றும் வாங்கி வைக்கட்டுமா என்றான். அதிலே ஒரு சூட்சுமம் உண்டு என்றான் பையன். மின்கலம் தீரும் தறுவாயில் கம்ப்யூட்டரை முறையாக அணைக்கச் சொல்லி ஏற்பாடு செய்தால், 'எஜமானர்தான் அணைத்தார்' என்று அது எண்ணிக்கொள்ளும். கரண்ட் வந்தாலும் எழுந்திருக்காது. சட்டென்று நின்றுபோவதால் முன்போலப் பெரிய சேதமும் இல்லையாம். குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு பேரேட்டில் பதிகிற கணக்குப்பிள்ளையைப் போல, இந்நாளைய கம்ப்யூட்டர்கள் கோப்பு அமைப்பில் செய்யப்போகும் மாறுதலை முதலில் குறித்து வைத்துக்கொண்டுதான் செய்கின்றன. எழுந்ததும் குறிப்பைப் பார்த்து, அரைகுறையாக நின்றதைச் சரிசெய்து கொள்ளும். எழுதிக்கொண்டிருந்த ஒரு பக்கம் போனாலும் போகலாம், பேரேடு தப்பும். அத்தை வீட்டில் எழுத என்ன இருக்கிறது? மின்கலப் பெட்டி வேண்டாம் என்று தீர்மானமாயிற்று.

ஆற்று வெள்ளத்தை அளக்கும் யந்திரமாயிருந்தால் 'எழுந்திரு' என்பதைத் தவிர வேறு விடையே கூடாது. அங்கே யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை. கடைக் கணக்குப் பார்க்கும் யந்திரத்துக்கும் அதுவே பொருத்தம். மனிதர் குடியிருக்கும் கூடத்திலோ, விடை சொல்ல வேண்டியவர் அந்தக் கூடத்துக்கு உரியவர். பணம் அனுப்புகிறவரும் அல்ல, பொத்தான் தெரிந்தவரும் அல்ல. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருட்டில் குனிந்து பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவரைக் குனிய வைக்காதீர்கள். அந்த மூன்றில் எது வேண்டுமென்று அவரையே கேளுங்கள்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். பல யந்திரங்களில் இந்த விடையையும் நாள், மணியையும் நினைவில் வைத்திருப்பது நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம். என்றைக்காவது கம்ப்யூட்டர் பல வருஷம் பின்தங்கிய தேதியைக் காட்டினால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். உடனே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர் சொன்ன வார்த்தையை அது மறந்துவிடும்.