என்ன கிழமையில் பிறந்தீர்கள்?

யாங்கோன் நகரில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஷ்வேடகோன் பகோடாவின் படிகளில் ஏறினேன். பூ விற்ற மூதாட்டி ஏதோ கேட்டார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் நண்பர் உடன் வந்திருந்தார். "என்ன கிழமைல பொறந்தீங்கன்னு கேக்கறாங்க அண்ணே" என்றார்.

"புதன்."

"காலைலயா, மத்தியானத்துக்கு மேலயா?"

விழித்தேன். பர்மியருக்கு எட்டுக் கிழமைகள் என்பதை அப்போதுதான் அறிந்தேன். புதனை நண்பகலில் இரண்டாக்கி, பிற்பாதியை ராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் பகோடாவைச் சுற்றி ஒரு திசை, ஒரு கிரகம், ஒரு விலங்கு. ஊரிலிருந்த அம்மாவைப் போனில் அழைத்தேன். "வெளக்கு வைக்கிற நேரத்துல பொறந்தேடா" என்றார். அப்படியானால் வடமேற்கு, தந்தமில்லாத யானை.

அந்த மூலையிலிருந்த புத்தருக்குக் கிண்ணத்தில் மொண்டு நீர் ஊற்றினேன். அருகில் கன்னமெங்கும் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய சிறுமி, எனக்காகக் கிண்ணத்தை நிரப்பி நிரப்பித் தந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். ஏறத்தாழ நூறு மீட்டர் உயரப் பொன் தூபி அந்தி வெயிலில் தகதகத்தது.

பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நாம் நட்சத்திர எழுத்துப் பார்ப்பதுபோல, பிறந்த கிழமைக்குரிய எழுத்தில் பெயர் வைப்பது அவர்கள் மரபு. ஐ.நா. பொதுச்செயலராக இருந்த ஊ தாண்ட் 1909 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை பிறந்தவர். 'தாண்ட்' வெள்ளிக்குரிய எழுத்தில் தொடங்கும் பெயர். 'ஊ' என்பது மூத்த ஆண்களுக்கான மரியாதைச் சொல். மூத்த பெண்களுக்கு 'டோ'.

யாங்கோனிலிருந்து பழைய கோயில் நகரமான பாகனுக்குப் போனேன். வழியெங்கும் மரத்தடிகளில் சிறு கூரையின் கீழ் மண்பானைகள், மூடிமேல் ஒரு குவளை. யாரோ ஒருவர் தினமும் நீர் நிரப்பி வைக்கிறார். யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். நம் தண்ணீர்ப் பந்தல் கோடையோடு போய்விடும். இங்கே ஆண்டு முழுவதும் இருக்கிறது. விடியற்காலையில் துறவிகள் வரிசையாக வர, வாசலில் சோற்றோடு காத்திருந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திரத்தில் இட்டார்கள். கொடுப்பவரே வணங்குகிறார், வாங்கும் துறவி நன்றி சொல்வதில்லை. தானம் தருபவருக்குத்தான் புண்ணியம் என்பது அவர்கள் நம்பிக்கை.

பாகனில் ஐராவதி ஆற்றங்கரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செங்கல் கோயில்கள். பெரும்பாலானவை 11 முதல் 13-ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தவை. மன்னர்கள் மட்டுமல்ல, வசதி படைத்த குடிமக்களும் கட்டித் தானமாக விட்டவை. அங்கே கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் தமிழ் இருக்கிறது. மலைமண்டலத்து (கேரளத்து) மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்ததை அது சொல்கிறது. கொடுப்பதே அறமென்று வாழும் ஊரில், கடல் கடந்து வந்தவரும் கொடுத்தே பெயர் பதித்திருக்கிறார்.

பர்மா என்றால் இன்று நமக்கு வரும் செய்திகள் ராணுவ ஆட்சியும், 2025 மார்ச்சில் மண்டலேயைச் சிதைத்த நிலநடுக்கமும்தான். அடுத்த முறை அந்தப் பெயரைக் கேட்கும்போது, முகம் தெரியாதவர் தாகத்துக்கு அந்த மக்கள் நிரப்பி வைக்கும் மண்பானையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.