பேட்டரி மீது குற்றமில்லை

தில்லியில் டிசம்பர் மாதம், அதிகாலை இரண்டரை மணி. காரின் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. பின் சீட்டில் கம்பளிக்குள் சுருண்டு, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார் என் 78 வயது அம்மா. பனிமூட்டமும் புகையும் சேர்ந்து இறங்கும் மாதங்களில் ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்த நகரம் என்ன செய்யும் என்பது இங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். மறுபடி சாவியைத் திருப்பினேன். இந்த முறை 'டக்' கூட இல்லை.

எதிர் வீட்டு சர்தார்ஜி கதவைத் தட்டியதும் எழுந்து, போர்வையோடு வந்து தன் காரை எடுத்தார். அம்மா பிழைத்தார். ஆனால் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் விடியும்வரை உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியது ஒரே கேள்விதான்: ஒரு மாதத்துக்கு முன்புதானே அந்தக் காருக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன்?

கதை அக்டோபரில் தொடங்குகிறது. மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒரு மினி லாரி இடித்தது. ஓட்டிக்கொண்டிருந்தவன் என் மகன், வயது 21. யாருக்கும் அடியில்லை. போன் வந்ததும் ஓடினேன். பின் பம்பர் உடைந்து, டிக்கி கதவு உள்ளே மடங்கியிருந்தது. நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா திடீர்னு பிரேக் போட்டே?"

நின்றிருந்த வண்டியில் பிரேக் போடுவது எப்படி? அவன் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவும் இல்லை.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார், பார்த்தார், எழுதினார். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிப்பார்கள். பம்பரில் பாதி என் தலையில் விழுந்தது. பத்து நாளில் ஒர்க்ஷாப்பிலிருந்து வண்டி வந்தது. டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் அப்பழுக்கில்லை. இடித்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த வாரமே பேட்டரி படுத்துவிட்டது. நான் அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிறவன். கார் ஓடுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். புதன்கிழமை எடுக்கப் போனால் செல்ஃப் சுற்றவில்லை. ஜம்பர் கேபிள் போட்டு ஓட்டினேன். அடுத்த வாரம் அதே கதை. சில வாரம் ஒன்றும் ஆகாது. அதுதான் குழப்பத்தைக் கூட்டியது.

ஒர்க்ஷாப்காரர் பேட்டரியைச் சோதித்துவிட்டு, "கதம், சார். மாற்றிவிடுங்கள்" என்றார். மாற்றினேன். புது பேட்டரியும் பத்தாம் நாள் படுத்தது. ஒரு ராத்திரி வண்டியைத் தங்களிடமே நிறுத்திப் பார்த்து, "எங்களிடம் சரியாகத்தான் இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். இன்ஷூரன்ஸில் கேட்டேன். விபத்தால் வந்த சேதத்துக்குத்தான் பாலிசி, மின்கோளாறுக்கு இல்லை. விபத்தால் வந்ததென்றால் நிரூபியுங்கள் என்றார்கள். ரோட்டோர எலெக்ட்ரீஷியன் டைனமோவைப் பார்த்தார். இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட் காட்டியது, அதில் குறையில்லை. கடைசியில் அவர் சொன்ன யோசனை: "ராத்திரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். யாரும் குடிக்க முடியாது."

குடிப்பது! அந்த வார்த்தை சரியாகத்தான் இருந்தது. இரண்டு வாரம், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு குளிரில் நின்று டெர்மினலைக் கழற்றினேன். ஒரு ஞாயிறு, காய்கறி வாங்கி வந்த அலுப்பில் அப்படியே விட்டுவிட்டேன். செவ்வாய் இரவு அம்மாவுக்கு மூச்சு முட்டியது.

அம்மா வீடு திரும்பிய சனிக்கிழமை காலை, மகன் என் முன்னால் ஒரு மல்டிமீட்டரை வைத்தான். நானூறு சொச்சம் ரூபாய். "பேட்டரியை மாத்திக்கிட்டே இருந்தா பிரயோஜனமில்லைப்பா. தொட்டியில ஓட்டை இருந்தா, தொட்டியை மாத்துறதா, ஓட்டையைத் தேடறதா?"

தேடும் முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. சாவியை எடுத்துப் பூட்டிய காரிலும் கடிகாரம், பாட்டுப் பெட்டியின் நினைவு, பூட்டுக் கருவி போன்றவை கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். அது 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரைச் சேர்த்தால் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். நெகட்டிவைத்தான் கழற்ற வேண்டும். பாசிட்டிவில் கை வைத்து ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். மீட்டரின் வயரைப் பத்து ஆம்பியர் துளையில் செருக வேண்டும். மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. டிரைவர் கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியும். ஆகவே கதவு ஓரத்துப் பொத்தானை அழுத்தி டேப் ஒட்டினான். மற்ற கதவுகள், டிக்கி எல்லாவற்றையும் நான் மூடினேன். மீட்டர் முதலில் ஒரு ஆம்பியருக்கு மேல் காட்டியது. நான் பதறினேன். "பொறுங்கப்பா. கேபிளை மறுபடி சேர்த்ததுல எல்லாம் முழிச்சுக்கிட்டிருக்கு. தூங்கட்டும்" என்றான். இருபது நிமிடம் காத்திருந்தோம். எண் இறங்கி ஓரிடத்தில் நின்றது: 0.46.

பேட்டரியின் மேல் 35 ஆம்பியர்-ஹவர் என்று அச்சிட்டிருந்தது. கணக்கு போட்டேன். ஒரு நாளைக்கு 11 போகிறது. ஞாயிறு மதியத்திலிருந்து செவ்வாய் நள்ளிரவு தாண்டி இரண்டரைக்குள் ஏறத்தாழ 28. மிச்சம் ஏழு. குளிரில் பேட்டரியின் சக்தியே குறைகிறது. இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்குக் கூடுதல் சக்தியும் வேண்டியிருக்கிறது. அந்த இரவு வண்டி ஏன் கிளம்பவில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். பழைய பேட்டரி செத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். லெட் ஆசிட் பேட்டரியைத் திரும்பத் திரும்ப அடிமட்டம்வரை வடித்தால் அது தாங்காது. கொலையுண்டவனையே கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவன் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மறுபடி செருகினான். நான் பானெட் பக்கம் நின்று எண்ணைப் படித்தேன். ஹாரன்: 0.46. வைப்பர்: 0.46. ஹெட்லைட்: 0.46. பதினோராவது ஃபியூஸில் எண் சட்டென்று சரிந்தது. 0.02!

அது உள்விளக்குகளின் ஃபியூஸ். ஆனால் அந்த ஒரு ஃபியூஸிலிருந்தே பாட்டுப் பெட்டிக்கும் கடிகாரத்துக்கும் டிக்கி விளக்குக்கும் மின்சாரம் போகிறது. அதைச் செருகிவிட்டுப் பாட்டுப் பெட்டியின் இணைப்பைப் பிரித்தோம். கடைசி இலக்கம் லேசாக ஆடியதோடு சரி. கூரை விளக்கு அணைந்துதான் இருந்தது. பாக்கி இருந்தது டிக்கி. அதுதான் மூடியிருக்கிறதே, உள்ளே விளக்கு எரிகிறதா என்று எப்படித் தெரியும்? ஃபிரிட்ஜைச் சாத்தினால் லைட் அணைகிறதா என்று சின்ன வயதில் அவன் கேட்டுக் குடைந்த அதே கேள்வி. பார்சல் டிரே மூடியிருப்பதால் வெளியிலிருந்து வெளிச்சமும் தெரியாது.

செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்தான். நான் மூடினேன். ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தோம். படத்தில் கதவு இறங்குகிறது, மூடுகிறது, விளக்கு எரிகிறது, எரிந்துகொண்டே இருக்கிறது. ஐந்து வாட் பல்பு. 12 வோல்ட்டில் 0.42 ஆம்பியர். மற்றவற்றின் 0.04 சேர்ந்தால் 0.46. கணக்கு தீர்ந்தது.

ஏன் எரிகிறது? டிக்கி பூட்டுக்கு இரண்டு பிடி உண்டு. முதல் பிடியில் கதவு மூடிக்கொள்ளும். இரண்டாவதில்தான் பூட்டுக்குள் இருக்கும் ஸ்விட்ச் விளக்கை அணைக்கும். நிமிர்த்திய கதவைப் பொருத்தியபோது, பாடியில் இருக்கும் கொக்கி மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றுவிட்டது. ஓங்கிச் சாத்தினால் இரண்டாவது பிடியில் விழுகிறது, மெதுவாக மூடினால் விழுவதில்லை. ஒர்க்ஷாப்பில் ஓங்கிச் சாத்தியிருப்பார்கள். அவர்களிடம் கோளாறு தெரியாததில் ஆச்சரியமில்லை.

மெதுவாக மூடியது யார்? நான்தான். பழுது பார்த்த கதவாயிற்றே என்று அத்தனை பதவிசாக மூடினேன். டிக்கியை மகன் அறைந்து சாத்தும்போதெல்லாம், "உடைஞ்சது போதாதா?" என்று திட்டினேன். அவன் சாத்திய வாரங்களில் பேட்டரி பிழைத்தது. நான் மூடிய வாரங்களில் செத்தது.

கொக்கியின் பழைய இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, நகர்த்தி, முறுக்கினோம். செலவு ஒன்றுமில்லை. மறுபடி மீட்டரை வைத்தபோது 0.04. இதைச் செய்யாமல் விட்டிருந்தால், ஓடும்போது டிக்கி திறந்துகொண்டிருக்கவும் கூடும்.

எல்லாக் கோளாறும் இப்படி ஃபியூஸ் பெட்டியில் அகப்படும் என்று சொல்ல மாட்டேன். டைனமோவுக்குள் டயோடு கெட்டிருந்தால் அங்கே தெரியாது. அதன் தடித்த வயரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். இடிபட்ட வண்டியில் ஏர்பேக்கின் மஞ்சள் இணைப்புகளில் கை வைக்கவே கூடாது. மின்சாரக் கார்களின் ஆரஞ்சு கேபிள்களும் அப்படித்தான். ஆனால் எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். பேட்டரிக்கு நான் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. ஒர்க்ஷாப்காரர், "முதலிலேயே சொல்லியிருந்தால் இலவசமாகச் சரிசெய்திருப்போமே" என்றார். எதைச் சொல்வது? எனக்குத் தெரிந்திருந்தால்தானே.

ஸ்பேனர்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது, "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா" என்றேன். எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. "மீட்டரை ஆஃப் பண்ணுங்கப்பா. அதுலயும் பேட்டரி இருக்கு" என்றான்.

ஜனவரியில் அம்மாவைச் செக்-அப்புக்கு அழைத்துப் போனோம். வண்டியை அவன் ஓட்டினான். நெபுலைசர் பையை டிக்கியில் வைத்துவிட்டு, வழக்கம்போல் ஓங்கி அறைந்து சாத்தினான். இப்போது அதற்குத் தேவையே இல்லை. மெதுவாக மூடினாலே போதும். நான் ஒன்றும் சொல்லவில்லை.