கோவையில் மைனஸ் 40 டிகிரி

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த ஆட்டோ எலெக்ட்ரிகல் பட்டறை. மே மாத நண்பகல். தகரக் கூரைக்குக் கீழே வேர்த்துக் கொட்டுகிறது. என்ஜினும் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்கேனர் திரை மட்டும் கூலன்ட் மைனஸ் 40 டிகிரியில் இருப்பதாகச் சொல்கிறது.

"ஊட்டியிலகூட இப்படிக் குளிராதுங்க" என்று சிரித்தார் எலெக்ட்ரீசியன்.

2014 மாடல் பெட்ரோல் கார். மஞ்சள் செக் என்ஜின் விளக்கு எரிகிறதென்று அதன் சொந்தக்காரரான பள்ளி ஆசிரியர் வேறோரிடத்தில் விட்டிருக்கிறார். ஸ்கேனரில் 'பி 0118' என்று பிழைக் கோடு வர, அங்கே கூலன்ட் சென்சாரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சில நாள் அணைந்திருந்த விளக்கு மறுபடி வந்துவிட்டது.

"சென்சார் போச்சுன்னு கோடு எங்கீங்க சொல்லுது? அந்த லைன்ல வோல்டேஜ் ஏறி நிக்குதுன்னுதான் சொல்லுது. மிச்சத்த நாமதான் தேடோணும்."

கணக்கு எளிது. என்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ 5 வோல்ட் அனுப்புகிறது. சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். வயர் அறுந்தால் தடைக்கு எல்லையே இல்லை. கம்ப்யூட்டருக்கு அது உச்சகட்டக் குளிர். அதன் அட்டவணையின் அடிமட்டம்தான் மைனஸ் 40. திரையில் அந்த எண்ணைப் பார்த்ததுமே இவர் தேடுவது அறுந்த இடத்தை.

கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். திரையில் எண் 130-ஐத் தாண்டி எகிறியது. லைன் சரியாக இருப்பதுபோலத்தான் பட்டது எனக்கு. அவர் விடவில்லை. வயர் கட்டை விரல்விரலாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனார். ஒரு கிளாம்ப் அருகே வந்ததும் எண் மைனஸ் 40-க்கு விழுந்தது. கையை எடுத்தால் ஏறியது. உறையில் கீறல்கூட இல்லை. கத்தியால் பிளந்தபோது, உள்ளே செம்பு பச்சை பிடித்து இற்றுப்போயிருந்தது.

இந்தியாவில் 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 புகை விதிகளோடு, கோளாறைத் தானே கண்டு கோடாகச் சொல்லும் ஓபிடி கார்களுக்கு வந்தது. 2013 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம். அப்போது வந்த வண்டிகளுக்கெல்லாம் இப்போது வயசாகிவிட்டது. சென்சாருக்கு முன்னால் அதற்குப் போகும் வயர்தான் பெரும்பாலும் தளர்கிறது என்கிறார் இவர். என்ஜின் சூடு, எலிக்கடி, பேட்டரி டெர்மினலில் பூக்கும் உப்பு. எல்லாவற்றையும்விட, வாட்டர் வாஷில் என்ஜினுக்குள் பீய்ச்சும் தண்ணீர்.

எர்த் இன்னும் மோசமான ஆள். ஆக்சிஜன் சென்சார்களில் பரவலான வகையின் மொத்த விளையாட்டே 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில்தான். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்து அதில் 0.2 வோல்ட் விழுந்தாலே, நல்ல சென்சாரின் கணக்கும் குழம்பிவிடலாம். எந்தக் கோடு வந்தாலும் இவர் முதலில் எர்த்துக்கு மல்டிமீட்டர் வைப்பது அதனால்தான்.

ஒரு விளக்கிடம் மட்டும் இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்திவிடுகிறார். ஆயில் அளவு பார்த்து, சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி அளந்த பிறகுதான் சுவிட்சைக் குறை சொல்கிறார். பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொன்னார்: சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் செக் என்ஜின் விளக்கு எரிந்து காட்ட வேண்டும். எரியாவிட்டால் விற்கிறவர் மீட்டரைக் கழற்றி ஏதோ செய்திருக்கலாம்.

இற்ற பகுதியை வெட்டி, புது வயர் சேர்த்து சால்டர் வைத்து, ஸ்லீவ் மாட்டினார். பிழைக் கோடை அழித்ததும் கூலன்ட் 91 டிகிரி என்று வந்தது.

"என்ன மாத்துனீங்க?" என்று கேட்டார் ஆசிரியர்.

"ஒண்ணும் மாத்தலீங் சார்."

ஆசிரியர் முகம் சுருங்கியது. சென்சாருக்குக் கேட்ட காசை மறுபேச்சில்லாமல் கொடுத்தவர், இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்நூறா என்று பேரம் பேசினார். பட்டறைகள் ஏன் பாகம் மாற்றியே பிழைக்கின்றன என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்க பில்லில் கட்டமே இல்லை.

எலெக்ட்ரீசியன் வாதாடவில்லை. முன்பு கழற்றிய பழைய சென்சாரை வாங்கி, கொதிக்கும் டீத்தண்ணியில் முனையை மட்டும் முக்கி மல்டிமீட்டரை வைத்தார். ஆயிரக்கணக்கில் இருந்த ஓம்ஸ் சில நூறுக்கு இறங்கியது.

"நல்லாத்தானுங்க இருக்கு. தூக்கிப் போட்றாதீங்க, வண்டியிலயே வெச்சுக்குங்க."

ஆசிரியர் ஐந்நூறைக் கொடுத்துவிட்டு, முந்தைய பட்டறையின் நம்பரைப் போனில் தேடத் தொடங்கினார்.