முப்பதாவது ஆள்

பழைய சாமான்களை விடாமல் வைத்துக்கொள்வதில் நம்மவர்களுக்கு ஈடு கிடையாது. தாத்தா வாங்கிய சைக்கிளில் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். பாட்டியின் தையல் மிஷின் தீபாவளிக்கு முந்தின வாரம் இன்னும் கடகடவென்று ஓடுகிறது. இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். ஒரு யந்திரத்தை நாற்பது வருஷம் ஓட வைக்கக் கஞ்சத்தனம் மட்டும் போதாது. பொறுமை வேண்டும், கை நிதானம் வேண்டும், கொஞ்சம் பயமும் வேண்டும்.

தாம்பரத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைத் தலைக்கு மேலேயே பார்க்கிற பாக்கியம் உண்டு. விமானப்படையின் சரக்கு விமானமான அன்டோனோவ் 32-ஐத்தான் சொல்லுகிறேன். அதன் உருவமே விசித்திரம். மற்றப் பல விமானங்களுக்கு எஞ்சின் இறக்கையோடு ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். இதற்கோ, அப்பாவின் முதுகில் உப்புமூட்டை ஏறின பிள்ளைகள் மாதிரி, இரண்டு எஞ்சின்களும் இறக்கையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

காரணமில்லாமல் இல்லை. லடாக் போன்ற உயரமான இடங்களில் காற்று மெலிந்திருக்கிறது. வெயில் ஏறினால் இன்னும் மெலிகிறது. அங்கே சுமையோடு எழும்ப வேண்டுமானால் ஒவ்வொரு எஞ்சினுக்கும் 5,000 குதிரைச் சக்திக்கு மேல் வேண்டும். அந்தச் சக்தியைச் செலவழிக்க 4.7 மீட்டர் குறுக்களவுள்ள புரொப்பெல்லர் வேண்டும். அத்தனை பெரிய விசிறி தரையில் இடிக்காமல் சுற்ற என்ன செய்வது? எஞ்சினை மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். 1976-ல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானம், 1984 முதல் கீவ் நகரத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்தது. நூற்றுக்கு மேல் வாங்கினோம்.

சேலையூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரம் விமானப்படை நிலையத்துக்குள்ளேயே இருக்கும் பயிற்சிப் பள்ளியில் தொழில் கற்றவர்.

"எஞ்சின் அத்தனை உயரத்தில் இருக்கிறதே, வேலை பார்க்கக் கஷ்டமில்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பறக்கிறவனுக்கு நல்லது, பார்க்கிறவனுக்குக் கஷ்டம், சார்" என்று சிரித்தார். "மேடை போட்டு ஏறணும். மே மாசத்திலே அந்தத் தகடு தோசைக்கல்தான். அதுகூடப் போகட்டும். இறங்கினப்புறம் ஸ்பானரை எண்ணணும். ஒண்ணு குறைஞ்சாலும் வண்டி நகராது."

கருவிகள் மாட்டும் பலகையில் ஒவ்வொன்றின் வடிவத்தையும் நிழல் போல வரைந்து வைத்திருப்பார்களாம். எடுத்தது திரும்பி வராவிட்டால் வெறும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் முடிந்ததும் 700-ஆம் எண் படிவத்தில் மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்து விமானியும் கையெழுத்திட்ட பிறகே விமானம் கிளம்பும்.

"கையெழுத்துப் போடறது ஒரு நிமிஷம், சார். வண்டி இறங்கிடுத்துன்னு சேதி வர்ற வரைக்கும் சோறு இறங்காது."

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. ஊரெல்லாம் 'கபாலி' படத்தின் முதல் நாள் கொண்டாட்டம். அன்று காலை எட்டரை மணிக்கு, சூலூர்ப் படைப்பிரிவைச் சேர்ந்த ஓர் அன்டோனோவ் 32 தாம்பரத்திலிருந்து கிளம்பியது. அப்போது போர்ட் பிளேர் என்று பெயர் கொண்டிருந்த அந்தமான் தலைநகருக்குப் போக வேண்டும். உள்ளே 29 பேர். விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன்கள் எட்டுப் பேரும் அதில் அடக்கம். ஒன்பதே கால் மணிக்குள் விமானத்தின் குரல் நின்றுவிட்டது. வங்காள விரிகுடாவின் மேல் இருந்தது, பிறகு இல்லை.

கப்பல்கள் போயின, விமானங்கள் போயின. ஆழ்கடலைத் துழாவ 'சமுத்திர ரத்னாகர்', 'சாகர் நிதி' என்ற ஆராய்ச்சிக் கப்பல்களும் போயின. ஒரு துண்டும் கிடைக்கவில்லை. பத்திரிகைகளில் ஒரே பேச்சு: "விமானம் பழசு."

பழசுதான். 25 வருஷ ஆயுளை 40 வருஷமாக நீட்டப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் 2009-ல் ஏற்பட்டது. சில விமானங்களைக் கீவிலும் மற்றவற்றைக் கான்பூரிலும் புதுப்பிப்பதாக ஏற்பாடு. 2014-ல் உக்ரைனுக்கும் ருஷ்யாவுக்கும் பகை மூண்டதும் உதிரிபாகங்கள் வருவதில் சிக்கல் வந்தது. எங்கோ இரண்டு தேசங்கள் அடித்துக்கொண்டால், இங்கே ஒரு மெக்கானிக் ஒரு வாஷருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்த நாட்களில் என் நண்பரைப் போய்ப் பார்த்தேன். காணாமற்போன விமானத்தை அவர் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் முகம் வாடியிருந்தது.

"அந்தப் படிவத்திலே கையெழுத்துப் போட்டவன் எப்படி இருக்கானோ, சார்?" என்றார். "சின்னப் பையனாத்தான் இருப்பான். எதையாவது விட்டுட்டோமா, விட்டுட்டோமான்னு ராத்திரி பூரா எண்ணிக்கிட்டிருப்பான்."

யாருக்கும் தோன்றாத கவலை அவருக்குத் தோன்றியது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஏழரை வருஷம் கழிந்தது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகிற சாலையில், பள்ளிக்கரணையில், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆளில்லாமல் தானே நீந்தும் அதன் யந்திரமொன்று கடலடியில் எடுத்த படங்களில் உடைந்த பாகங்கள் தெரிந்தன. சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல். ஆழம் 3,400 மீட்டர். படங்கள் அன்டோனோவ் 32-க்குப் பொருந்துகின்றன என்று 2024 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. விமானம் புறப்பட்ட இடமும் அதைத் தேடிக் கண்ட நிறுவனமும் ஒரே சாலையால் இணைந்தவை. நடுவில் இருந்தது ஒரு கடல்.

சேதியைச் சொன்னபோது நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "குடும்பத்துக்காரங்களுக்கு ஒரு இடமாவது தெரிஞ்சுதே" என்றார். அந்தப் பையனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

யந்திரம் பழசாவது குற்றமில்லை, மனிதனும்தான் பழசாகிறான். ஆனால் பழசை ஓட்டுவது என்று முடிவு செய்தவர்கள், அதைத் தொடுகிற கைக்கு வேண்டிய சாமானையும் அவகாசத்தையும் குறையாமல் கொடுக்க வேண்டும். அது கஞ்சத்தனம் பண்ணுகிற இடமல்ல. இப்போதெல்லாம் மாடியில் நிற்கும்போது ஒரு விமானம் உறுமிக்கொண்டு போனால், உள்ளே இருப்பவர்களோடு, கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒருவனையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.